மிஞ்சிய சீட்டு

அந்தப் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டியவர் எங்கள் தலைமையாசிரியர். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. அவர் ஒருவர், நான் ஒருத்தி. "எனக்கு மூட்டு வலி டீச்சர், மூணு நாளு பெஞ்சில உக்கார முடியாது. நீங்க சின்ன வயசு, போயிட்டு வந்துருங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். எனக்குத்தான் எதிலும் முந்திக்கொண்டு போய் நிற்கிற பழக்கம் உண்டே, சரி என்று கிளம்பிவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாவட்டத்தில் உள்ள எல்லா ஆரம்பப் பள்ளிகளுக்கும் 'சிந்தனைத் திறன்' என்று ஒரு புதுத் திட்டம் வந்திருந்தது. பள்ளிக்கு ஓர் ஆசிரியரை அருப்புக்கோட்டைக்கு வரவழைத்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், யோசிக்க வையுங்கள் என்றார்கள். பாதிப் பேர் டீயும் வடையும் வரும்வரை தூங்கினார்கள், வந்ததும் விழித்தார்கள். நான் ஒருத்தி மட்டும் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதினேன். சொன்னதையெல்லாம் நம்பினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

கடைசி நாளில் சைக்ளோஸ்டைல் எடுத்த கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது 'காரணச் சீட்டு' என்கிற பயிற்சி. கரும்பலகையில் ஒரு கேள்வி எழுத வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு காரணத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். எதையும் தப்பு என்று ஆசிரியர் சொல்லக் கூடாது. 'எப்போது தொடங்கியது? அப்போது புதிதாக என்ன வந்தது?' என்று கேட்டு, பொருந்தாத சீட்டை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். கடைசியில் மிஞ்சுவதுதான் காரணம். கையேட்டில் உதாரணத்துக்கு, 'ரயில் ஏன் தாமதமாக வந்தது?' என்று போட்டிருந்தது.

எங்கள் பள்ளி பரளச்சி தாண்டி உள்ளே இருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். அந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் ரயிலையே பார்த்ததில்லை. ஆகவே கேள்வியை மாற்றினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்து, கரும்பலகையில் இப்படி எழுதினேன்: 'நம் ஊர்க் கண்மாயில் ஏன் தண்ணீர் இல்லை?'

இரண்டு வருடமாக அங்கே சரியான மழை கிடையாது. மானாவாரிக் காடு, மழை இல்லையென்றால் பருத்தியும் இல்லை, கொத்தமல்லியும் இல்லை, கம்பும் இல்லை. அந்த வாரம்தான் ஊரில் கொடும்பாவி இழுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். ஊருக்குள் யாரோ பெரும்பாவம் செய்ததால் வானம் அடைத்துக்கொண்டது என்று சொல்லி, வைக்கோலில் ஓர் உருவம் செய்து, தெருத் தெருவாக இழுத்து, விளக்குமாற்றால் அடித்து, ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். அந்த உருவத்துக்குப் பெயர் கிடையாது. அது யாருடைய பாவம் என்று எவரும் கேட்பதும் கிடையாது. நான்தான் கேட்க வைத்தேன்.

சீட்டுகள் வந்தன. மழை பெய்யவில்லை, மடை உடைந்துபோனது, சீமைக்கருவேலம் உறிஞ்சிவிட்டது என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டில் மட்டும், 'ஊருல பாவம் செஞ்சவுக இருக்காக' என்று இருந்தது. எதையும் தப்பு என்று சொல்லக் கூடாதே! மற்றச் சீட்டுகளோடு அதையும் கரும்பலகையில் ஒட்டினேன்.

பிறகு கழிக்க ஆரம்பித்தோம். மடையைப் போன வருடமே கட்டிவிட்டார்கள் என்றான் ஒருவன், அதை எடுத்தேன். கண்மாய் நிறைந்து கிடந்த வருடத்திலும் கருவேலம் இருந்தது என்றாள் ஒருத்தி, அதையும் எடுத்தேன். "மழை பெய்யலைங்கிறது சரி டீச்சர், அது ஏன் பெய்யல?" என்று கேட்டான் இன்னொருவன். எனக்குப் புல்லரித்துப்போனது. பயிற்சியில் சொன்னது அப்படியே நடக்கிறதே! காரணத்துக்குக் காரணம் கேட்கிறானே! அந்தச் சீட்டையும் ஓரமாக வைத்தேன். ஒட்டியிருந்தது பாவச் சீட்டு ஒன்றுதான். அப்போதாவது நிறுத்தினேனா? கையேட்டைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"எப்ப இருந்து மழை இல்ல?"

"ரெண்டு வருசமா டீச்சர்."

"அப்ப ஊருக்குள்ள புதுசா என்ன வந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

அடிகுழாய் என்றார்கள். அது போன வருடம்தான் வந்தது. பஞ்சாயத்து டிவி என்றார்கள். அது வந்த வருடம் நல்ல மழை. பிறகு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு கை மெதுவாக உயர்ந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண். அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காதவள், 'உள்ளேன்' என்று சொல்வதற்குக்கூட உதடு மட்டும்தான் அசையும்.

"நானும் எங்கம்மாவும் வந்தோம் டீச்சர்" என்றாள்.

நான் கை தட்டினேன். பிள்ளைகள் எல்லாரையும் தட்டச் சொன்னேன். வாயில்லாப் பூச்சி பேசிவிட்டதே என்ற சந்தோஷம் எனக்கு. 'அம்மாவும் மகளும்' என்று கரும்பலகையில் குண்டு குண்டாக எழுதினேன். கை தட்டி முடித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. நான் அவசர அவசரமாகக் கரும்பலகையைத் துடைத்து, "இது சும்மா விளையாட்டுக்கு, வீட்டுல போயிப் பேசக் கூடாது" என்றேன். பேசாதே என்று சொன்னால் எந்தப் பிள்ளை பேசாமல் இருக்கும்?

அவளுடைய அம்மாதான் எங்கள் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். பிறந்தது அந்த ஊர். கட்டிக்கொடுத்தது காரியாபட்டிப் பக்கம். புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். ஒருநாள் அடுப்பிலிருந்த கொள்ளியை எடுத்துக் கையில் சூடு வைத்துவிட்டான். அவளுடைய இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவள் என்று ஊரில் ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு உண்டு.

மறுநாள் மதியம் அவள் என்னிடம் வந்து நின்றாள். "டீச்சர், இன்னைக்கு ஒரு பிள்ளையும் தட்டெடுக்கல. எல்லாம் வீட்டுக்கு ஓடுதுக. சோத்துல எதும் கோளாறான்னு நானே தின்னு பாத்தேன், நல்லாத்தான் இருக்கு" என்றாள். காரணம் தெரிந்தும், தெரியாது என்று தலையாட்டினேன்.

தலைமையாசிரியர் டீக்கடையில் கேட்டுவிட்டு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, "என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க?" என்றார். "கவர்மெண்டு பாடத்துலயே கண்டுபிடிச்சிட்டாகளாம். எழுதிப் பாத்து, ஒவ்வொண்ணாக் கழிச்சு, கடைசியில அவதான் மிஞ்சுனாளாம். பிள்ளைக வாயில வந்ததுனால சாமி வாக்குங்கிறாக. கொடும்பாவிக்கு அவ சேலையக் கட்டப் போறாகளாம்."

மேலதிகாரியிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க. மொதல்ல உங்க தலைதான் உருளும், அப்புறம் என் தலை. எனக்கு சர்வீசு இன்னும் மூணு வருசம்தான். என்னைய இதுல இழுக்காதீக" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் கெடுத்ததை நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். வகுப்பில் அதே பயிற்சியை மறுபடி எடுத்தேன். அந்தப் பெண்ணைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன்: "பரளச்சியில மழை பெஞ்சுச்சா? திருச்சுழியில பெஞ்சுச்சா?" இல்லை என்றார்கள். "அப்ப அவுகளா அங்கயும் போயி மழைய நிறுத்துனாக?" என்று கெட்டிக்காரி மாதிரி மடக்கினேன்.

ஒருவன் எழுந்தான். "மாசாமாசம் அவுக சத்துணவுக் கணக்குக் குடுக்கத் திருச்சுழி ஆபீசுக்குப் போறாக டீச்சர். பஸ்ஸு பரளச்சி வழியாத்தான போகுது!"

மற்ற பிள்ளைகள் கை தட்டின. நான்தானே தட்டப் பழக்கியிருந்தேன். அடப்பாவமே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது முன் வரிசைப் பெண் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். "டீச்சர், நீங்களும் அந்த வருசந்தான வந்தீக?" என்றாள்.

உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம்தான் எனக்கு அந்தப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "வாயை மூடிட்டு உக்காரு" என்று கத்தினேன். பயந்துபோய் உட்கார்ந்தாள். எனக்குத்தான் அவளைவிடப் பயம்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று ஊர் கூடிப் பேசுகிற மந்தைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் காடுகரை உள்ளவர்கள், எல்லார் முகமும் காய்ந்து கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். இது ரயிலுக்காக எழுதிய பாடம், நான்தான் கண்மாய்க்கு மாற்றினேன் என்றேன். கடைசியாக, குரல் எனக்கே கேட்காத மாதிரி, "நானும் அதே வருசந்தான் இந்த ஊருக்கு வந்தேன். அப்படிப் பாத்தா என் சேலையையும்தான் கட்டணும்" என்றேன்.

அவர்கள் கோபப்படவில்லை. ஊர்ப் பெரியவர் சிரித்தேவிட்டார். "டீச்சரம்மா, நீங்க காலையில பஸ்ஸுல வந்து சாயங்காலம் பஸ்ஸுல போறவுக. குடிக்கத் தண்ணிகூட உங்க வீட்டுல இருந்து கொண்டாரீக. ஊருப் பாவம் உங்கள ஒட்டாது. அவ இங்க பொறந்தவ."

அதைக் கேட்டதும் என் உடம்பு லேசானது. ஆமாம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவளுக்காகப் பேசப் போன நான், என்னை விட்டுவிட்டார்கள் என்றதும் மூச்சு விட்டேன். இன்றைக்கு வரை அந்த மூச்சை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"நாங்க ஒண்ணும் அடாவடி பண்ணலம்மா" என்று பெரியவர் பொறுமையாகச் சொன்னார். "செவ்வாக்கெழம கொடும்பாவி இழுக்கோம். அவ சேலை ஒண்ணு குடுத்தாப் போதும். எட்டு நாளைக்குள்ள மழை பெஞ்சா, எரிஞ்சது அவ பாவம், அவதான்னு ஆயிப்போகும். புருஷன் ஊருக்கே போகச் சொல்லிருவோம், அவ அண்ணனும் ஒத்துக்கிட்டான். பெய்யலைன்னா, அவ இல்லைன்னு ஆச்சு. பேசாம இருந்துக்கிடட்டும். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் செய்யிறோம், தப்பா?"

நான் மனசுக்குள் நாள் எண்ணிப் பார்த்தேன். ஐப்பசி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வருடத்தில் மழை பெய்வதற்கென்றே உள்ள மாதம் அது.

செவ்வாய்க்கிழமை அவளே சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். அன்று வகுப்புக்கு அந்தப் பெண் ஒருத்திதான் வந்தாள். கொட்டுச் சத்தமும் ஒப்பாரியும் பள்ளியைச் சுற்றிக்கொண்டு போயின. அம்மா சமையல்கட்டில் யாருக்கென்று தெரியாமல் உலை வைத்திருந்தாள். அவளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிள்ளைக கணக்கா யோசிச்சிருக்குதுக டீச்சர். எனக்கே தெரியல, நாந்தானோ என்னமோ" என்றாள். அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளும்போது தழும்புள்ள கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "அந்த ஆளுகிட்டப் போனா, இந்தத் தடவ என்னையக் கொன்னுருவான். பிள்ளையையாச்சும் நீங்க வச்சுக்குவீகளா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து வானத்தையே பார்ப்பேன். ஒரு துண்டு மேகம் தெரிந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், "மேக்க கருத்திருக்கு, கண்டிப்பா எறங்கிரும்" என்று ஆசையாகச் சொல்வார்கள். எனக்கு அவர்கள் வாயைப் பொத்தலாமா என்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருப்புக்கோட்டையில் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை, அரைமணி நேரம் விடாமல் கொட்டியது. தெருவில் பிள்ளைகள் குதித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கொடியில் கிடந்த துணியைக்கூட எடுக்காமல் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கே பெய்ததா, அங்கே பெய்ததா என்பதுதான் மனசில் ஓடியது. யாரிடம் கேட்பது? அந்த ஊரில் ஒரு போன் கிடையாது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். டவுனைத் தாண்டியும் ரோடு ஈரமாக இருந்தது. ஓடையில் செம்மண் தண்ணீர் ஓடியது. நாலு மைல், ஐந்து மைல், ஈரம் விடுகிற மாதிரி இல்லை. முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பரளச்சிக்குக் கொஞ்சம் முன்னால், கோடு கிழித்தது போல ஈரம் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பஸ்ஸுக்குப் பின்னால் புழுதி எழும்பியது. புழுதியைப் பார்த்து "சாமி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று மதியம் அந்தப் பெண் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கூட யாரும் விளையாடச் சேர்ப்பதில்லை, அதனால் வகுப்பிலேயே இருப்பாள். குனிந்தபடி, "டீச்சர், ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீகளே?" என்றாள். அடிக்க மாட்டேன் என்றேன்.

"மழை பெய்யக் கூடாதுன்னு தெனம் சாமி கும்பிடுறேன். ஊரெல்லாம் பெய்யணும்னு கும்பிடுது. அப்ப நான் பாவஞ்செஞ்சவதான?"

கையேட்டில் அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து, "நானும் அதத்தான் கேக்கேன். ரெண்டு பேரு கேட்டா சாமிக்குக் கேக்கும்" என்றேன். அன்றைக்குக் கேட்டோம், செவ்வாய்க்கிழமையும் கேட்டோம். சாயங்காலம் நான் பஸ் ஏறும்போது தெற்கே கருமேகம் திரண்டு நின்றது. இடி இடித்தது. அவள் பள்ளி வாசலில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி அவளோடு இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, பஸ் கிளம்பிவிட்டது.

புதன்கிழமை காலை பஸ் ஊருக்குள் நுழைந்தபோது எனக்கு வெளியே பார்க்கத் தைரியமில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். இறங்கிக் காலை வைத்தால் கீழே கெட்டித் தரை, வறண்ட தரை. அதே பஸ்ஸில் டவுனுக்குப் போக ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். விதைத்ததெல்லாம் போய்விட்டது, கூலி வேலை தேடிக் கிளம்பியிருந்தார்கள். மந்தையில் என்னிடம் பேசிய பெரியவரும் அவர்களில் ஒருவர். கையில் துணிப்பையை வைத்துக்கொண்டு, வெளுத்துக் கிடந்த வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

பள்ளிப் பக்கமிருந்து அவள் ஓடி வந்தாள். பை ஒரு பக்கம் ஆட, ரிப்பன் அவிழ்ந்து தொங்க, வந்த வேகத்தில் "பெய்யல டீச்சர்! பெய்யவே இல்ல!" என்று கத்தினாள். அந்த இரண்டு வருடத்தில் அவள் குரல் அவ்வளவு சத்தமாக ஒலித்து நான் கேட்டதில்லை. ஆண்கள் திரும்பினார்கள்.

பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினேன். பிள்ளைகளைப் பேச வைப்பதற்கு மூன்று நாள் பயிற்சி எடுத்தவள், ஒரு கையால் அவள் தலையைப் பிடித்து மறு கையால் வாயை அழுத்தி மூடினேன். பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என் உள்ளங்கைக்குள் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், நான் சிரிப்பது அவருக்குத் தெரியக் கூடாது என்று.